சைக்கிளுக்கு ஒரு காலை

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ நண்பர்கள் மலைக்கு வந்தால், குளிரைத் திட்டி முடித்த கையோடு ஒரு கேள்வி வரும். "என்னடாப்பா, உங்கட ஊரில ஒரு சைக்கிளையும் காணேல்ல?"

கேட்கத்தான் செய்வார்கள். பள்ளிக்கூடம், டியூஷன், சந்தை, கோயில் என்று எல்லாவற்றுக்கும் சைக்கிளில் போய்ப் பழகியவர்கள். எங்கள் பக்கத்திலோ பேரப்பிள்ளை எடுத்தவர்களிலும் ஒரு தரமாவது சைக்கிள் ஏறிப் பார்க்காதவர்கள் நிறைய. தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகிற பாதையில் பாதி படிக்கட்டு, மீதி தேயிலைக்குள் ஓடும் ஒற்றையடித்தடம். அதில் எதை ஓட்டுவது? ஒற்றைப் பல்சக்கரம் வைத்த லுமாலா சைக்கிள் வல்லிபுரக் கோயிலுக்குப் போகும், லிந்துலைக்கு ஏறாது. கியர் சைக்கிள் வாங்கலாம் என்றால் காசு. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்ததே 2024இல்தான். மலையில் ஓட்டக்கூடிய ஒன்றை வாங்க இரண்டு மூன்று மாதச் சம்பளம் அப்படியே போய்விடும்.

நான் சைக்கிள் பழகியது சமதரையில், படிக்கப் போன இடத்தில். திரும்பி வந்த பிறகு கொழும்பில் யாரோ ஓட்டிச் சலித்த ஒரு கியர் சைக்கிளை வாங்கி, வீட்டில் பேச்சு வாங்கி, மெல்ல மெல்ல ஏற்றத்துக்குப் பழகிக்கொண்டேன். அதிலிருந்து, "ஏரியைச் சுற்றி ஓடவேண்டும், ஆனால் வாகனத் தொல்லை இருக்கக்கூடாது, அப்படி ஒரு இடம் சொல்லு" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். ஆளாளுக்குப் போனில் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். கடைசிப் பகுதியில் கொஞ்சம் அரசியலும் வரும். முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

எல்லோருக்கும் முதலில் வாயில் வருவது நுவரெலியா, கிரகரி வாவி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர். ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1873இல், பிதுருதாலகாலப் பக்கமிருந்து இறங்கிவரும் ஓடையை மறித்துக் கட்டியது. வெள்ளைக்காரன் மலையில் ஊர் கண்டால் கூடவே ஒரு ஏரியும் வேண்டும். ஊட்டியில் ஜான் சல்லிவன் 1820களில் வெட்டினார். கொடைக்கானலில் லெவிஞ்ச் என்ற கலெக்டர் 1863இல் வெட்டினார். பத்து வருடம் கழித்து எங்கள் முறை வந்தது. படகு விட, தூண்டில் போட, பின்னேரம் குதிரையில் சுற்றிவர. 1913இல் அந்தத் தண்ணீரையே சுரங்க வழியாக நானுஓயாப் பக்கம் பிளக்பூலுக்கு இறக்கி மின்சாரமும் எடுத்தார்கள்.

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வாடகைச் சைக்கிள் ஓட்டுவதைத் தமிழ்ப் படங்களில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதே ஆசையில் இங்கு வருகிறவர்களுக்கு வாடகைச் சைக்கிள் கிடைக்கும். ஏறுவதற்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட் எடுத்துப் பூங்காவுக்குள் போனால் வாவியோரமாக நல்ல நடைபாதை. மட்டக்குதிரைகளும், அன்னப்பட்சிப் படகுக்கு வரிசையில் நிற்கும் குடும்பங்களும், சோளம் விற்பவர்களும் விட்டுவைத்த இடைவெளியில் ஓட்டலாம். குழந்தைகளுக்கு அது போதும். முழுச்சுற்று வர நினைத்தால்தான் சிக்கல். வாவியின் ஒரு கரையை ஒட்டி ஓடுவது பதுளை வீதி. பேராதனையில் தொடங்கிப் பதுளை வழியாகச் செங்கலடிக்குப் போகும் ஏ-5. வெலிமடைப் பக்கமிருந்து மரக்கறி ஏற்றிவரும் லொறி, தூர பஸ், சுற்றுலா வேன் எல்லாம் அதில்தான். ஏப்ரல் சீசனில் அந்த வீதியில் சைக்கிளோடு நிற்பவரைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அடுத்த வேனின் புகையைக் குடித்து முடிப்பதற்குள் இன்னொன்று வந்துவிடும். காற்றழுத்தமோ கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். கீழிருந்து வந்தவருக்கு முதல் நாள் சும்மா நடந்தாலே மூச்சு வாங்கும்.

அந்தக் கரையை வாகனமே இல்லாமல் நான் பார்த்திருக்கிறேன். 2022. ஜூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேறு யாருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் அறிவித்ததே, அந்த நாட்கள். அதற்கு முன்பே பெற்றோல் செட்டு வரிசைகள் ஊரைத் தாண்டிப் போயிருந்தன. நாடு முழுக்க சைக்கிளுக்குத் திடீர் மவுசு வந்து, பழைய இரும்புக்குப் போடவிருந்ததெல்லாம் தூசி தட்டி விலையேறியது அப்போதுதான். நான் காலையில் கிளம்பிப் போய் வாவியை முழுதாகச் சுற்றினேன். பதுளை வீதியின் நடுக்கோட்டில் ஓட்டினேன். தண்ணீருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமுவது கேட்டது. இவ்வளவு அழகான ஊரா இது என்றிருந்தது.

திரும்பி வரும் வழியில் ஒரு மரக்கறித் தோட்டக்காரர், வெட்டிய லீக்ஸை வீதியோரம் குவித்துவைத்து, வராத லொறிக்காகக் காத்திருந்தார். எனக்குக் கிடைத்த இன்பத்தின் விலையை யார் கட்டிக்கொண்டிருந்தார் என்று அவரைப் பார்த்ததும் புரிந்தது. அந்தப் புரிதல் அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அட்டன் பக்கம் ஓடத் தொடங்கியபோது அது இன்னும் கூர்மையாகத் திரும்பி வந்தது.

நுவரெலியாவைவிட நான் சிபாரிசு செய்வது காசல்ரீ நீர்த்தேக்கம். உயரம் குறைவு, சுமார் 1,100 மீற்றர், மூச்சுக்கும் நல்லது. அட்டனில் ரயிலை விட்டிறங்கி டிக்கோயா வழியாக இறக்கத்தில் போனால் தண்ணீர் தெரியும். டிக்கோயா, நோர்வூட் பிரதான வீதி ஒரு கரை. அணைக்கட்டு மேற்கே, நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம். மற்றக் கரைகளில் தோட்டத்து ரோட்டு. களனி கங்கைக்குப் போகிற கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965இல் கட்டி முடித்த அணை இது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் மஸ்கெலி ஓயாவை மறித்து மவுஸ்ஸாக்கலை, 1969. அதற்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. நல்ல கோடை வந்து நீர்மட்டம் இறங்கினால் அந்தப் பழைய ஊரின் கோயிலும் விகாரையும் எழும்பி நிற்கும். அட்டனிலிருந்து பஸ் ஏறிப் பார்க்கப் போவோம்.

இங்கெல்லாம் மின்சாரம் எடுக்கலாம் என்று டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918இலேயே கட்டுரை வாசித்தார். அப்போது கேட்கவேண்டியவர்கள் கேட்கவில்லை. லக்ஷபானவில் முதல் மின்நிலையம் ஓடியது 1950இல்தான். காசல்ரீ தண்ணீரில் ஓடும் 50 மெகாவாட் நிலையத்துக்குப் பின்னர் அவர் பெயரையே சூட்டினார்கள். அந்த மின்சாரம் மலையிறங்கிக் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது. அணைக்கு மேலே இருந்த லயங்களில் குப்பி விளக்கு அணைய இன்னும் எத்தனையோ வருடம் எடுத்தது.

சைக்கிளுக்கு வருகிறேன். காசல்ரீ வட்டமான ஏரி அல்ல. முன்பு ஓடைகள் இறங்கிய ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் தண்ணீர் ஒரு கையை நீட்டியிருக்கிறது. ரோட்டு அந்தக் கையின் நுனிவரை உள்ளே போய், சிறு பாலத்தைத் தாண்டி, மறுபக்கமாக வெளியே வரும். எதிர்க்கரையில் கொழுந்து எடுப்பவர்களைக் கூப்பிட்டுப் பேசலாம் போலிருக்கும். போய்ச் சேர அரை மணித்தியாலம் ஆகும். வரைபடத்தில் கிலோமீற்றரை அளந்து நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள்.

ஏற்றம் பற்றிப் பயப்பட வேண்டாம். இந்த ரோட்டுகளில் பல, மாட்டுவண்டி ஏறவேண்டும் என்று பார்த்து வெட்டியவை. முதலில் கோப்பிக்கு, 1869இல் இலைநோய் வந்து கோப்பி சாகத் தொடங்கிய பிறகு தேயிலைக்கு. ரயில் அட்டனுக்கு வந்தது 1884இல். அதுவரை எல்லாம் வண்டியிலும் தலையிலும்தான். மாடு இழுக்கக்கூடிய சரிவில் மனிதன் மிதிக்கலாம். லயத்துக்கும் கோயிலுக்கும் பிரியும் கிளைப்பாதைகள் வேறு கதை. அங்கே இறங்கித் தள்ளுவதில் வெட்கமில்லை.

ஒரு வளைவை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். தார் போட்ட காலத்து அடையாளமாக ஓரத்தில் ஒரு முழத்துக்குக் கறுப்பு. நடுவில் தார் போய், அடியில் அடுக்கிய கருங்கல் பல்லைக் காட்டுகிறது. மேல்பக்கம் கான், அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர். கொழுந்து லொறியின் பின்சக்கரம் மழைநாளில் சுழன்ற இடத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி. அதை யாரோ சவுக்குக் கட்டையும் கல்லும் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். கம்பனி போட்டதல்ல. லயத்துப் பொடியன்கள் ஞாயிற்றுக்கிழமை போட்டது. ஒல்லி டயர் சைக்கிளோடு வருகிறவர் இந்த வளைவில் திரும்பிப் போய்விடுவார். அகலமான டயர், காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்த பிடியில் வைத்திருந்தால் ரிம் சுடும். விட்டு விட்டுப் பிடியுங்கள்.

காலை ஆறரைக்கு மேல், ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் பிரிந்த பிறகு, இந்த ரோட்டில் மணிக்கணக்காக வாகனம் வராது. வந்தால் கொழுந்து லொறி, அல்லது துரையின் ஜீப். ஒரு வளைவில் கொழுந்து நிறுக்கும் மடுவம். நான் போனபோது காலை நிறுவை நடந்துகொண்டிருந்தது. இடுப்பில் படங்கு கட்டிய பெண்கள் பையைத் தராசில் மாட்ட, கணக்கப்பிள்ளை கிலோவைச் சொல்லிக் கொண்டே தண்ணிக்கென்று இரண்டு கிலோவைக் கழித்தார். அதற்கு ஒரு பெரியம்மா அவரைக் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. அவரே பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏன் தம்பி, சைக்கிள வச்சிக்கிட்டு தள்ளிக்கிட்டு வாறீங்க? ஓட்டத் தெரியாதா?"

"ஏத்தம் பெரியம்மா."

"எந்தத் தோட்டம் நீங்க?"

சொன்னேன். அங்கே அவருடைய கொழுந்தியா மகள் வாழ்க்கைப்பட்டிருந்தாள். இரண்டு நிமிடத்தில் சொந்தமாகிவிட்டோம். ரொட்டித் துண்டும் சம்பலும் சாயத்தண்ணியும் கைக்கு வந்தன. நான் சும்மா இருக்கமாட்டாமல், "நல்ல ரோட்டு பெரியம்மா, ஒரு வண்டி வாகனம் இல்லாம நிம்மதியா இருக்கு" என்றேன்.

"ஒங்களுக்கு நிம்மதி. எம்மகளுக்கு வலி வந்தப்ப ஆட்டோக்காரன் இந்த ரோட்டுக்கு வரமாட்டேன்னுட்டான். கொழுந்து லொறியில சாக்கு மேல படுக்க வச்சி டிக்கோயாவுக்குக் கொண்டுபோனோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கிலோவைக் கழித்ததற்குத்தான் கோபப்பட்டார்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் குறையில்லை. இந்திய உதவியில் கட்டி, 2017 மே மாதம் பிரதமர் மோடியே வந்து திறந்துவைத்த பெரிய கட்டடம் அங்கே நிற்கிறது. அதுவரை போய்ச் சேரும் பாதைதான் விஷயம். தோட்டங்கள் 1992இல் கம்பனிகளின் கைக்குப் போயின. ரோட்டு தோட்டத்துக்குள் இருப்பதால் அரசாங்கம் கம்பனியைக் காட்டும், கம்பனி நட்டக்கணக்கைக் காட்டும். பிரதேச சபையிடம் போனால், 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு குறுக்கே நின்றது. தோட்டத்துக்குள் சபை தன் காசைச் செலவழிக்க அது இடம் கொடுக்கவில்லை. வரிசையில் நின்று வாக்குப் போட்டவர்களுக்கு அந்தச் சபை ஒரு கான்கூட வெட்டிக்கொடுக்க முடியாத நிலை. 2018இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதே காலத்தில் நோர்வூட்டுக்கும் மஸ்கெலியாவுக்கும் தனிச் சபைகளும் வந்தன. சில ரோட்டுக்குக் கொங்கிரீட் விழுந்தது உண்மை. நான் சொன்ன வளைவுக்கு இன்னும் வரவில்லை.

அதே நீர்த்தேக்கத்தில், பங்களாக்களில் தங்க வரும் விருந்தாளிகளுக்காகத் தண்ணீரில் இறங்கும் சிறு விமானம் வந்ததுண்டு. கொழும்புப் பக்கமிருந்து அரை மணித்தியாலப் பறப்பு. கரையில் லொறியில் படுத்துப் போன பிள்ளைத்தாய்ச்சிக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று நான் கேட்கவில்லை.

அதனால் "வாகனமே வராத பாதை" என்று யாராவது புளகாங்கிதப்பட்டு எழுதினால் எனக்கு இப்போது கொஞ்சம் உறுத்துகிறது. அந்த ரோட்டில் பஸ் ஓடவேண்டும். ஓடினால் சைக்கிளுக்கு இடைஞ்சல்தான். ஒதுங்கி நின்று வழிவிடலாம். ஒரு நாளைக்கு நாலு பஸ்ஸுக்கு ஒதுங்கி யாரும் செத்ததில்லை.

போகாதீர்கள் என்று சொல்லவில்லை. போங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவு. ஆனால் அதே காலம் சிவனொளிபாத மலை சீசன். டிசம்பர் பௌர்ணமி தொடங்கி வெசாக் வரை, அட்டன், நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போகும் பஸ்ஸும் வேனும் பிரதான வீதியை இரவுபகலாக அடைத்துக்கொள்ளும். போயா தினத்தையும் சனி ஞாயிறையும் தவிர்த்து, வார நாளில் விடியவே கிளம்புங்கள். மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குப் பருவமழை பிடித்தால் அட்டைக்கடியும் சேறும்தான் மிச்சம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டில் எத்தனையோ சரிவுகளை இழுத்துவிட்டது. ஆகவே பழைய வரைபடத்தை நம்பாமல், எந்த ரோட்டு இருக்கிறது, எது போய்விட்டது என்று டிக்கோயாவில் ஆட்டோ நிற்கும் இடத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள். தோட்டத்துக்குள் நுழையும்போது ஒப்பீஸில் ஒரு வார்த்தை. அணைக்கட்டில் காவலுக்கு நிற்பவரைக் கேட்காமல் படம் எடுக்கவேண்டாம். நாய்கள் சைக்கிளைக் கண்டதில்லை, துரத்தும். இறங்கி நடந்தால் அலுத்துப் போய்விடும்.

வழியில் வார்லி தேவாலயம், 1878இல் கட்டியது, தண்ணீரைப் பார்த்தபடி நிற்கும். கால் ஓயாதவர்கள் நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்கும் போகலாம். அங்கே சென் மேரீஸ் தேவாலயத்து மயானத்தில் ஜூலியா மார்கரெட் கேமரன் புதைக்கப்பட்டிருக்கிறார். டென்னிசனையும் டார்வினையும் படம் பிடித்த அதே அம்மாள்தான். கோப்பித் தோட்டக்காரரின் மனைவியாக வந்து 1879இல் இங்கேயே இறந்தார். நடக்க விரும்புகிறவர்களுக்குப் பெக்கோ ட்ரெயில் இருக்கிறது. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும், 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கு மேல். அதில் பெரும்பகுதி இதே பழைய தோட்டப் பாதைகள்தான்.

நுவரெலியாவிலேயே சைக்கிளுக்கென்று பிறந்தது போன்ற தடம் ஒன்று இருந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு ஓடிய சின்ன ரயில். இரண்டரை அடி அகலத் தண்டவாளம், சுமார் 30 கிலோமீற்றர், 1903-04இல் திறந்து 1940களில் மூடியது. ரயில் ஏறிய சரிவென்றால் சைக்கிளுக்குச் சொல்லவே வேண்டாம். பல நாடுகளில் இப்படிக் கைவிட்ட பாதைகளைச் சைக்கிள் வழியாக்கிவிட்டார்கள். எங்களுடையதில் துண்டு துண்டாக வீடும் ரோட்டும் மரக்கறிப் பாத்தியும் வந்தாயிற்று. குடியிருப்பவர்களை எழுப்பச் சொல்ல நான் ஆளில்லை. அந்தக் கதையை விடுவோம்.

கேட்கக்கூடியது வேறொன்று. அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தில் கிரேட்டர் லேக் என்று எரிமலை வாயில் ஒரு ஏரி. அதன் விளிம்பைச் சுற்றிப் போகும் வீதியின் கிழக்குப் பகுதியை, செப்டம்பரில் இரண்டு சனிக்கிழமை வாகனத்துக்கு மூடி, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விடும் வழக்கம் உண்டு. பெற்றோல் தீர்ந்து போனதால் அல்ல, ரோட்டு உடைந்ததாலும் அல்ல. வேண்டுமென்றே, நாள் குறித்து, முன்கூட்டியே அறிவித்து மூடுகிறார்கள். நான் ஓட்டிய வாகனமில்லாப் பாதைகள் எல்லாம் யாருக்கோ ஏதோ இல்லாமல் போனதால் கிடைத்தவை. இது அப்படியல்ல.

நுவரெலியாவுக்கு வீதி மூடத் தெரியாது என்று யாரும் சொல்லமுடியாது. 1930களிலிருந்து ஏப்ரலில் மஹகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப்பந்தயம் நடக்கிறது. அதற்கு வீதியை மூடுகிறோம். சீசனில் ஒருவழிப் பாதை, மாற்றுப் பாதை என்று பொலிசார் ஊரையே திருப்பிப் போடுகிறார்கள். அதே கையால் வாவியோரத்துப் பதுளை வீதியை வருடத்தில் ஒரு ஞாயிறு, விடிய ஆறு மணி முதல் ஒன்பது வரை மூடினால் என்ன? பஸ்ஸையும் அம்புலன்ஸையும் மறுகரையால் விடலாம். மரக்கறி லொறிகளுக்கு முதல்நாளே சொல்லிவிடலாம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அன்று மட்டும் வாடகைச் சைக்கிள் இலவசம் என்றால் செலவும் பெரிதாக வராது. சீசன் முடிந்து ஊர் காலியாகக் கிடக்கும் மே மாதத்து முதல் ஞாயிறு, மழை பிடிப்பதற்கு முன், தோதான நாள்.

மாநகர சபைக்கு இதைக் கடிதமாகவும் எழுதப்போகிறேன். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள். அறிவித்தல் பலகைக்குக்கூடப் புதிதாகச் செலவழிக்கத் தேவையில்லை. கார்ப்பந்தயத்துக்கு வைக்கிற "வீதி மூடப்பட்டுள்ளது" பலகை மூன்று மொழியிலும் தயாராகவே இருக்கும்.